உப்புநீரை எதிர்க்கும் உலோகம்

கடற்கரையை அடுத்த ஊர்களில் இரும்பின் வாழ்நாள் குறுகியது. உள்நாட்டில் ஒரு தலைமுறைக் காலம் உழைக்கும் சன்னல் கம்பியும் கதவுக் கீலும் கடலோரத்து வீடுகளில் சில ஆண்டுகளிலேயே செந்நிறப் பொடியாய் உதிர்வதைக் காணலாம். காற்றில் கலந்து வரும் சிறிதளவு உப்பே இவ்வளவு கேடு விளைக்குமாயின், அவ்வுப்புநீரிலேயே இரவும் பகலும் மிதக்கும் கப்பலின் நிலை என்னாகும்? 1,000 கிலோ கடல்நீரில் ஏறத்தாழ 35 கிலோ உப்புக் கரைந்திருக்கிறது. அவ்வுப்பும், நீரும், காற்றிலுள்ள ஆக்ஸிஜனும் ஒன்றுகூடி உலோகத்தை இடைவிடாமல் தாக்குகின்றன. 1914 முதல் 2022 வரை தன்மேல் புகைவண்டிகளைத் தாங்கிய பழைய பாம்பன் பாலத்தைக் காக்கத் துருவைச் சுரண்டி வண்ணம் பூசும் பணி ஆண்டுதோறும் நடைபெற்று வந்தது. எஃகுக் கப்பல்களிலும் மாலுமிகளின் உழைப்பில் ஒரு பெரும் பகுதி இப்பணிக்கே செலவாகிறது.

உலோகங்கள் இவ்வாறு சிதைவதை அரிமானம் என்பர். இஃது இயற்கைக்கு மாறான நிகழ்ச்சி அன்று. பெரும்பாலான உலோகங்கள் மண்ணுக்குள் தனித்து இருப்பதில்லை. ஆக்ஸிஜன், கந்தகம் போன்றவற்றோடு கூடித் தாதுவாகவே இருக்கின்றன. மனிதன் அத்தாதுவை உலையில் இட்டோ, மின்சாரத்தைச் செலுத்தியோ உலோகத்தைப் பிரித்தெடுக்கிறான். பிரிக்கப்பட்ட உலோகம் வாய்ப்புக் கிடைத்தபோதெல்லாம் மீண்டும் தன் பழைய நிலைக்குத் திரும்ப முயல்கிறது. அம்முயற்சியே அரிமானம். ஆகவே, அரிமானத்தை அறவே ஒழித்தல் இயலாது. அதனைத் தாமதப்படுத்துதலே மனித அறிவால் ஆகக்கூடியது.

இம்முயற்சியில் மனிதனுக்குப் பெருந்துணையாய் அமைந்த உலோகம் அலுமினியம். நிலவுலகின் மேலோட்டில் மிகுதியாக உள்ள உலோகம் இதுவே. எனினும், இதனைத் தாதுவினின்றும் பிரிப்பது மிகக் கடினமாக இருந்தமையால், 1825-இல் டென்மார்க்கு நாட்டு அறிஞர் ஏர்ஸ்டெட் முதன்முதல் பிரித்தெடுக்கும்வரை இதனை உலோக வடிவில் கண்டவர் எவருமிலர். 1855-இல் பாரிசு நகரப் பொருட்காட்சியில் அலுமினியக் கட்டிகளை விலையுயர்ந்த அரும்பொருளாகக் காட்சிக்கு வைத்தனர். 1886-இல் அமெரிக்காவில் ஹால் என்பவரும் பிரான்சில் எரூ என்பவரும் தனித்தனியே மின்சார முறையைக் கண்டறிந்த பின்னரே அதன் விலை வீழ்ந்தது. அரசர்களின் அரும்பொருளாக இருந்த உலோகம் ஏழையின் அடுப்படிக்கும் வந்து சேர்ந்தது.

அலுமினியத்தின் எடை இரும்பின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே. எடை குறைந்த கப்பல் குறைந்த எரிபொருளில் விரைந்து செல்லும். மிகுந்த சரக்கும் ஏற்றும். ஆகவே, கப்பல் கட்டுவோர் இதன்மீது நாட்டங் கொண்டது வியப்பன்று. ஆயினும், இங்கு ஒரு புதிர் எழுகிறது. ஆக்ஸிஜனோடு கூடும் வேட்கை இரும்பைவிட அலுமினியத்திற்கு மிகுதி. அவ்வேட்கையை நோக்கினால், இரும்பு அழியுமுன் அலுமினியமே அழிந்துபடுதல் வேண்டும். ஆனால், உண்மையில் அவ்வாறு நிகழ்வதில்லை. காரணம் என்ன?

இரும்பில் தோன்றும் துரு பஞ்சுபோல் நுண்துளைகள் உடையது. தான் தோன்றிய இரும்பைவிட மிகுந்த இடத்தை அடைத்துக்கொள்வது. ஆதலின் அது பொருக்குப் பொருக்காய்ப் பெயர்ந்து விழுகிறது. பெயர்ந்த இடத்தில் புதிய இரும்பு வெளிப்பட்டு மீண்டும் துருவேறுகிறது. அலுமினியத்தின் இயல்பு வேறு. காற்றுப் பட்டவுடன் அதன்மேல் ஆக்ஸைடுப் படலம் ஒன்று நொடிப்பொழுதில் தோன்றுகிறது. அப்படலம் துளையற்றது, உலோகத்தை இறுகப் பற்றிக்கொள்வது. ஒரு மீட்டரை நூறு கோடிக் கூறாக்கினால் அவற்றுள் ஒரு கூறு நானோமீட்டர் எனப்படும். அலுமினியப் படலத்தின் பருமன் அத்தகைய சில நானோமீட்டர்களே. தலைமயிர் ஒன்றின் பருமனில் இது பதினாயிரத்தில் ஒரு பங்கு அளவினது. கத்தியால் கீறினாலும், கீறிய இடத்தில் காற்றோ நீரோ தரும் ஆக்ஸிஜனைக் கொண்டு படலம் உடனே மீண்டும் உருவாகிவிடுகிறது. ஆக்ஸிஜன்மேல் கொண்ட அவ்வேட்கையே அலுமினியத்திற்குக் கவசமாய் அமைகிறது.

இக்கவசத்திற்கும் எல்லைகள் உண்டு. அமில காரத் தன்மையை அளக்கும் பி.எச். என்னும் அளவையில் ஏறத்தாழ 4 முதல் 9 வரையுள்ள நீரில்தான் படலம் நிலைத்து நிற்கும். கடும் அமிலமும் கடுங்காரமும் அதனைக் கரைத்துவிடும். சலவைச் சோடா இட்டுத் தேய்த்த அலுமினியப் பாத்திரம் கறுத்துப் போவதை இல்லங்களில் காணலாம். அது காரத்தின் வேலை. நற்பேறாகக் கடல்நீரின் அளவு ஏறத்தாழ 8. அஃது எல்லைக்கு உட்பட்டதே. ஆயினும், உப்பில் உள்ள குளோரைடு அயனிகள் படலத்தில் மெலிந்த இடங்களைத் தேடித் துளைக்க வல்லவை. துளைத்த இடத்தில் சிறு குழி விழும். தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடுக்குகளில் இத்தீமை மிகும். அங்கே ஆக்ஸிஜன் விரைவில் தீர்ந்துபோவதால் படலம் தன்னைத் தானே செப்பனிட்டுக்கொள்ள இயலாமற் போகிறது.

அலுமினியத்திற்கு இதனினும் பெரிய பகை ஒன்று உண்டு. அது பிற உலோகங்களின் சேர்க்கை. செம்புத் தகட்டையும் துத்தநாகத் தகட்டையும் உப்புநீரில் நிறுத்திக் கம்பியால் இணைத்தால் மின்னோட்டம் உண்டாகும், துத்தநாகம் கரையும், செம்பு கரையாது. 1800-இல் வோல்ட்டா அமைத்த மின்கலத்தின் அடிப்படை இதுவே. உலோகங்களைக் கடல்நீரில் அவை கரையும் வேட்கைக்கு ஏற்ப வரிசைப்படுத்தினால், மக்னீசியம், துத்தநாகம், அலுமினியம் ஆகியவை ஒரு கோடியிலும், செம்பும் வெண்கலமும் மறு கோடியை நோக்கியும் நிற்கும். இரண்டு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டபடி கடல்நீரில் இருப்பின், வேட்கை மிகுந்தது கரைந்து, குறைந்ததைக் காக்கும்.

இவ்வுண்மையை முதன்முதல் கப்பலுக்குப் பயன்படுத்தியவர் ஆங்கில அறிஞர் ஹம்பிரி டேவி. 1824-இல் போர்க்கப்பல்களின் அடியில் வேய்ந்திருந்த செப்புத் தகடுகள் கடல்நீரில் அரிபடாமல் இருக்க அவர் வழி தேடினார். செம்பின்மேல் இரும்பு அல்லது துத்தநாகத் துண்டுகளைப் பொருத்தினார். அத்துண்டுகள் கரைந்தன, செம்பு பிழைத்தது. ஆயினும், எதிர்பாராத விளைவொன்று நேர்ந்தது. செம்பு சிறிது சிறிதாகக் கரைந்து வந்தவரை அதன் நச்சுத்தன்மையால் சிப்பிகளும் பாசிகளும் அணுகவில்லை. செம்பு கரைவது நின்றவுடன் அவை கப்பலின் அடியில் ஒட்டி வளர்ந்து, அதன் வேகத்தைக் குறைத்தன. கடற்படை டேவியின் முறையைக் கைவிட்டது. எனினும், ஒன்று கரைந்து மற்றொன்றைக் காக்கும் என்னும் அவரது கருத்து அழியவில்லை. இன்றும் உலகெங்கும் கப்பல்களின் அடியில் அத்தகைய காப்புக் கட்டிகளைப் பொருத்துகின்றனர்.

அலுமினியத்தைப் பயன்படுத்திய தொடக்க காலத்தில் சிலர் இவ்வுண்மையை மறந்தனர். அதற்குரிய விலையையும் கொடுத்தனர். 1895-இல் அமெரிக்காவில் நாதனியேல் ஹெரஷாப் என்னும் புகழ்பெற்ற வல்லுநர் 'டிபென்டர்' என்னும் பந்தயப் பாய்க்கப்பலைக் கட்டினார். எடையைக் குறைக்க வேண்டி, நீருக்கு மேலுள்ள பக்கங்களை அலுமினியத் தகடுகளால் அமைத்தார். நீருக்குள் அமிழும் பகுதியை வெண்கலத் தகடுகளால் வேய்ந்தார். உள்ளே விலா எலும்பு போன்ற சட்டங்களை எஃகினால் செய்தார். இலேசான அக்கப்பல் அவ்வாண்டு 'அமெரிக்கக் கோப்பை'ப் போட்டியில் இங்கிலாந்தின் 'வால்கிரி' என்னும் கப்பலை வென்று பெரும்புகழ் பெற்றது. ஆனால், வெண்கலமும் எஃகும் அலுமினியமும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கடல்நீரில் நனைந்தபோது, அக்கப்பலே ஒரு பெரிய மின்கலமாய் மாறியது. மூன்றனுள் கரையும் வேட்கை மிகுந்த அலுமினியம் விரைந்து அரிபட்டது. 1901-இல் கப்பலை உடைத்துப் போட்டனர். அதன் ஆயுள் ஆறே ஆண்டுகள். உலோகம் தீயதன்று, அதனைச் சேர்த்த கூட்டே தீயது என்பதனை அறிஞர் உணர்ந்தனர்.

அடுத்து எழுந்த சிக்கல் வலிமையைப் பற்றியது. தூய அலுமினியம் மென்மையானது, எளிதில் வளைவது. அதனை உறுதியாக்க வேறு தனிமங்களைச் சேர்த்து உலோகக் கலவை ஆக்குதல் வேண்டும். 1906-இல் ஜெர்மன் அறிஞர் ஆல்பிரட் வில்ம், சிறிதளவு செம்பும் மக்னீசியமும் சேர்த்த அலுமினியத்தைச் சூடாக்கித் திடீரெனக் குளிர்வித்து வைத்தால், நாளடைவில் அது தானே கடினமாவதைக் கண்டார். டியூரலுமின் எனப் பெயர் பெற்ற அக்கலவை வானூர்திகளுக்கு உயிர்நாடியாயிற்று. ஆயினும், கடலுக்கு அது பொருந்தவில்லை. அதிலுள்ள செம்பு மிகுந்த நுண்துகள்கள் தம்மைச் சூழ்ந்த அலுமினியத்தோடு சேர்ந்து எண்ணற்ற சிறு மின்கலங்களாயின. டிபென்டரில் வெளியே இருந்த பகை இங்கே உள்ளேயே புகுந்துவிட்டது. வலிமையைத் தந்த செம்பே அழிவையும் தந்தது.

செம்பை நீக்கி வலிமையைப் பெறும் வழி யாது? மக்னீசியமே விடையாக அமைந்தது. மக்னீசியத்தின் அணுக்கள் அலுமினிய அணுக்களைவிடச் சற்றுப் பெரியவை. அவை அலுமினியத்தில் கரைந்து, அணு வரிசைகளிடையே இடம் பெறும்போது, வரிசைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிச் செல்வது தடைப்படுகிறது. அதனால் உலோகம் உறுதி பெறுகிறது. மேலும், கடல்நீரில் கரையும் வேட்கையில் மக்னீசியம் கலந்த அலுமினியம் தூய அலுமினியத்தைப் பெரிதும் ஒத்திருப்பதால், உள்ளே மின்கலங்கள் உண்டாக இடமில்லை. இக்கலவைகளை நான்கு இலக்க எண்களால் குறிப்பது மரபு. முதல் இலக்கம் 5 எனின், அது மக்னீசியம் சேர்ந்த குடும்பம். அவற்றுள் கப்பல் கட்டுவோர் பெரிதும் போற்றுவது 5083 என்னும் கலவை. அதில் 4 முதல் 4.9 விழுக்காடு வரை மக்னீசியமும், 0.4 முதல் 1 விழுக்காடு வரை மாங்கனீசும், மிகச் சிறிதளவு குரோமியமும் உள்ளன.

இக்கலவையைச் சூடேற்றிக் கடினமாக்க வேண்டுவதில்லை. குளிர்ந்த நிலையில் உருளைகளிடையே அழுத்தினாலே போதும். சாதாரணக் கப்பல் எஃகு 235 மெகாபாஸ்கல் வரையுள்ள இழுவிசையை உருக்குலையாமல் தாங்கும். 5083 தகடு 215 மெகாபாஸ்கல் தாங்கும். பற்றவைத்த இடத்தில் இவ்வலிமை குறையுமாதலின், அதற்கேற்பத் தகட்டைச் சற்றுத் தடிப்பாக அமைப்பர். அவ்வாறு அமைத்தும், கப்பலின் உடல் எஃகுடலில் ஏறத்தாழப் பாதி எடையே உடையதாகிறது. நீர்மட்டத்திற்கு மேலுள்ள பக்கங்களுக்கு வண்ணம் பூசாமலே விட்டுவிடுவோரும் உளர். சாம்பல் நிறம் படர்ந்த அப்பக்கங்கள் பல்லாண்டுகள் கழிந்தும் உறுதியோடு நிற்கின்றன.

அலுமினியத்தின் ஆற்றலை உலகறியச் செய்தது 1952-இல் முதற்பயணம் சென்ற 'யுனைட்டெட் ஸ்டேட்ஸ்' என்னும் பயணிக் கப்பல். அதன் அடிப்பகுதி எஃகு, மேற்கட்டு அலுமினியம். ஏறத்தாழ 2,000 டன் அலுமினியம் அதில் பயன்பட்டது. மேற்பகுதி இலேசானமையால் கப்பல் நிலைதளராமல் விரைந்து சென்றது. முதற்பயணத்திலேயே அட்லாண்டிக் பெருங்கடலை 3 நாள் 10 மணி 40 நிமிடத்தில் கடந்து, அதுவரை இருந்த சாதனையை முறியடித்தது. எஃகும் அலுமினியமும் சந்திக்கும் இடங்களில் டிபென்டரின் கதை மீண்டும் நேராதவாறு கப்பலைக் கட்டியோர் மிகுந்த விழிப்போடு இருந்தனர். ஓர் உலோகம் மற்றோர் உலோகத்தைத் தொடாமலும், ஈரம் இடையே புகாமலும் காப்பதே அவர்களது பெருங்கவலையாய் இருந்தது. அக்கப்பல் 1969 வரை பணியாற்றியது.

ஆயினும், 5083 போன்ற கலவைகளும் குறையற்றவை அல்ல. மக்னீசியம் 3 விழுக்காட்டுக்கு மேற்படின், மறைவான ஆபத்தொன்று உண்டு. உலோகம் என்பது எண்ணற்ற நுண்ணிய படிக மணிகளின் தொகுதி. ஏறத்தாழ 65 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தில் நெடுநாள் இருந்தால், கரைந்திருந்த மக்னீசியத்தில் ஒரு பகுதி மெல்ல நகர்ந்து, மணிகளின் எல்லைகளில் வந்து படிகிறது. மூன்று அலுமினிய அணுவும் இரண்டு மக்னீசிய அணுவும் கூடிய அப்படிவு, மணிகளைவிட விரைவாகக் கடல்நீரில் கரைவது. எல்லைகள் கரைய, மணிகளை இணைத்த பிடி தளர்கிறது. இழுவிசை இருப்பின் வெடிப்புத் தோன்றுகிறது. வெளியே பளபளப்பாகக் காணும் தகடு உள்ளே உளுத்துப் போகிறது. அமெரிக்கக் கடற்படையில் 1983 முதல் சேர்க்கப்பட்ட டிகொண்டிரோகா வகைப் போர்க்கப்பல்களின் மேற்கட்டு, மக்னீசியம் மிகுந்த 5456 என்னும் கலவையால் ஆனது. பல்லாண்டுகள் கடந்தபின் அம்மேற்கட்டுகளில் இவ்வகை வெடிப்புகள் காணப்பட்டன. அவற்றைச் செப்பனிட மிகுந்த பொருளும் உழைப்பும் தேவைப்பட்டன.

கடலின் நடுவே தகடு வெடித்தால் இழப்பது பொருள் மட்டும் அன்று. கப்பலில் உள்ளோர் உயிரும் ஆகும். ஆதலின், தகடு கப்பலில் இடம்பெறும் முன்னரே அதனைச் சோதிக்கின்றனர். சிறு துண்டொன்றை நிறுத்துப் பார்த்து, 30 பாகை வெப்பமுள்ள செறிந்த நைட்ரிக் அமிலத்தில் 24 மணி நேரம் அமிழ்த்தி வைத்து, மீண்டும் நிறுக்கின்றனர். மணிகளின் எல்லைகளில் தீய படிவு இருப்பின், அமிலம் அதனை அரித்து மணிகளை உதிர்த்துவிடும், எடை குறையும். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 15 மில்லிகிராமுக்கு உட்பட்ட இழப்பாயின் தகடு ஏற்புடையது. 25 மில்லிகிராமுக்கு மேற்படின் கடலுக்கு ஆகாதது. இயந்திர அறை, புகைபோக்கி முதலிய வெப்பம் மிகுந்த இடங்களில் மக்னீசியம் குறைந்த கலவைகளையே பயன்படுத்துவதும் இதனாலேயே.

ஆய்வுக்கூடத்துச் சோதனை ஒருபுறமிருக்க, கடலே இறுதித் தீர்ப்பு வழங்கும் நடுவர். தமிழ்நாட்டில் காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் அரிமானத்தை ஆராய்வதில் புகழ் பெற்றது. வள்ளல் அழகப்பச் செட்டியார் நிலமும் பொருளும் வழங்க, 1948-இல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்ட, 1953-இல் அந்நிலையம் திறக்கப்பட்டது. உப்புக்காற்று ஓயாது வீசும் மண்டபம் கடற்கரையில் உலோகத் தகடுகளை வெயிலிலும் மழையிலும் நிறுத்தி வைத்து ஆராய்ந்த பெருமை அந்நிலையத்துக்கு உண்டு. இத்தகைய ஆய்வுகளில் தகட்டை முதலில் நிறுத்துக்கொள்வர். மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் கடற்காற்றில் விட்டுவைப்பர். பின்னர் அரிபொருளைக் களைந்து மீண்டும் நிறுப்பர். எடையில் நேர்ந்த இழப்பே அரிமானத்தின் அளவு. பொறுமையன்றி வேறு குறுக்குவழி இவ்வாய்வுக்கு இல்லை.

இவ்வாறு தேர்ந்தெடுத்த உலோகத்தையும் பயன்படுத்துவோர் பேணிக் காத்தல் வேண்டும். அலுமினியத் தகட்டை எஃகோடு பொருத்தும்போது இடையே ரப்பர் போன்ற மின்கடத்தாப் பொருளை வைத்தல் வேண்டும். செம்பு கலந்த வண்ணங்களை அலுமினிய உடலின்மேல் பூசலாகாது. படகின் அடியில் தேங்கிய உப்புநீரில் செப்புக் கம்பித் துண்டொன்று கிடந்தாலும், அவ்விடத்தில் குழி விழக்கூடும். நீர் தேங்கும் மூலைகளில் வடிதுளை அமைத்தல் வேண்டும். துத்தநாகக் காப்புக் கட்டிகள் கரைந்து தேய்ந்தவுடன் புதியவற்றைப் பொருத்துதல் வேண்டும். காப்பு மிகுதியாதலும் நன்றன்று. துத்தநாகத்திற்கு மாறாக மக்னீசியக் கட்டிகளைக் கடல்நீரில் பொருத்தினால், அவை அளவுக்கு மிஞ்சிச் செயற்பட்டு உலோகத்தின் அருகே காரத்தைப் பெருக்கும். அக்காரமே அலுமினியத்தைக் கரைத்துவிடும்.

கண்ணுக்குப் புலப்படாத ஒரு மெல்லிய படலம், பெருங்கடலின் உப்புக்கும் மனிதனின் மரக்கலத்துக்கும் இடையே நின்று காவல் புரிகிறது. அக்காவலின் இயல்பை அறியாதவர் கையில் அதே உலோகம் ஆறு ஆண்டுகளில் அழிந்தது. அறிந்தவர் கையில் பல்லாண்டுகள் நின்று உழைக்கிறது. டிபென்டர் உடைந்த நாள் தொட்டு இன்றுவரை கப்பல் கட்டுவோர் கற்று வருவது இதுவே: நல்ல உலோகத்தைத் தேர்ந்தெடுப்பது பாதி வேலை, அதனோடு எதனைச் சேர்ப்பது, எதனை விலக்குவது என்று அறிவதே மறுபாதி.